கண்டென்சேட் பைப்பைச் சுற்றி ஒரு வெப்பமின் பட்டை: ஸ்கிரீன் பிரிண்டிங்கில் செய்து பார்த்தது

சாயப் பட்டறையில் நீராவி போகிற இடமெல்லாம் ஸ்டீம் டிராப் இருக்கும். நீராவியைப் பிடித்துவைத்து, குளிர்ந்து தண்ணீரானதை (கண்டென்சேட்) மட்டும் வெளியே விடுவது அதன் வேலை. அது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால், பாய்லரில் காசு போட்டு உண்டாக்கிய நீராவி எந்த வேலையும் செய்யாமல் கண்டென்சேட் லைனுக்குள் போய்விடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. டிராப்பைத் தாண்டிய பைப்பில் வெப்பநிலை பார்க்க ஒரு சின்ன சென்சார் இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் ஈரமும் சூடும் நிறைந்த அந்த இடத்தில் அதற்கு ஒயர் இழுப்பது பாடு. பேட்டரி வைத்தால் சூட்டில் சீக்கிரம் சாகும். பைப்பே சூடாக இருக்கும்போது அந்தச் சூட்டிலிருந்தே சென்சாருக்கு மின்சாரம் எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் நோக்கம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பைப்புக்கு மட்டும் வேண்டுமென்றால் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கடையில் கிடைக்கும் 40 மி.மீ. சதுர பெல்டியர் மாட்யூலை (ஒரு பக்கம் சூடும் மறு பக்கம் குளிர்ச்சியும் கொடுத்தால் மின்சாரம் தரும் தகடு) வாங்கி, பைப்பின் வளைவுக்கு ஏற்ப ஓர் அலுமினியக் கட்டையைக் குடைந்து, மேலே ஹீட் சிங்க் வைத்தால் நான் அச்சடித்ததைவிடப் பல மடங்கு மின்சாரம் வரும். சிக்கல் என்னவென்றால், ஒரு யூனிட்டில் அரை இன்ச் தொடங்கி மூன்று இன்ச் வரை பைப்புகள் ஓடும். ஒவ்வொரு அளவுக்கும் தனிக் கட்டை குடைய வேண்டும். மாட்யூலின் பீங்கான் தகடு வளையாது. உருண்டைப் பைப்பின் மேல் அப்படியே வைத்தால் ஒரு கோட்டில்தான் தொடும். மீட்டர் கணக்கில் அச்சடித்து, தேவையான நீளத்துக்கு வெட்டி, எந்தப் பைப்பையும் சுற்றிக் கட்டக்கூடிய பட்டை என்றால் கதை வேறு. திருப்பூரில் அச்சடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை என்பது கூடுதல் தைரியம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பொருளின் ஒரு முனை சூடாகவும் மறு முனை குளிர்ச்சியாகவும் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். தாமஸ் சீபெக் 1821-இல் கண்டது இது. உலோகங்களில் டிகிரிக்குச் சில மைக்ரோவோல்ட்தான். செம்பும் கான்ஸ்டன்டனும் (செம்பு-நிக்கல் கலவை) சேர்ந்த, வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளில்கூடச் சுமார் 40. பிஸ்மத் டெல்லுரைடு குடும்பத்தில் ஏறக்குறைய 200 கிடைக்கும். அறை வெப்பநிலையை ஒட்டிய வேலைக்கு 1950-களில் இருந்து இன்றுவரை அதுதான் முன்னணி. வளையும் பிளாஸ்டிக் வகையில் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற பாலிமர் உண்டு. தண்ணீரில் கலந்தே கிடைக்கும், அச்சடிக்கச் சுலபம். ஆனால் டிகிரிக்கு 15 முதல் 20 மைக்ரோவோல்ட்தான் தரும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

பொடி

பிஸ்மத் டெல்லுரைடு பொடியைப் புதிதாக வாங்கினால் விலை அதிகம். டெல்லுரியம் பூமியில் மிக அரிது. செம்பைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் கசடிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். அதனால் வாட்டர் டிஸ்பென்சர்களிலும் சின்ன ஃபிரிட்ஜ்களிலும் இருந்து கழற்றிப்போட்ட பழைய பெல்டியர் மாட்யூல்களைச் சேர்த்தேன். வழக்கமான டி.இ.சி.1-12706 மாட்யூலுக்குள் 127 ஜோடி, அதாவது 254 குட்டித் துண்டுகள் இருக்கும். ஹாட் பிளேட்டில் வைத்துச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் பற்றவைத்த ஈயம் (சால்டர்) இளகி மேல் பீங்கான் கழன்று வரும். பல மாட்யூல்களில் பிஸ்மத்-டின் ஈயம். அது 138 டிகிரியிலேயே உருகிவிடும்.

இந்தத் துண்டுகளில் பாதி பி-வகை, பாதி என்-வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், அதே சாம்பல் மினுமினுப்பு. உள்ளே மாறி மாறித்தான் வைத்திருப்பார்கள் என்றாலும் கழற்றும்போது கலந்துவிடும், கலந்தால் பொடி வீண். பிரிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். துண்டை ஒரு செம்புத் தகட்டில் வைத்து, கறுப்பு முனையைத் தகட்டில் தொடவும். சிவப்பு முனையை ஹாட் ஏரில் கொஞ்சம் சூடேற்றித் துண்டின் தலையில் வைக்கவும். சில மில்லிவோல்ட் காட்டும். பிளஸ் என்றால் என்-வகை, மைனஸ் என்றால் பி-வகை. என்-வகையில் எலெக்ட்ரான்கள் சூட்டைவிட்டுக் குளிர்ந்த பக்கம் ஒதுங்குவதால் சூடான முனை பிளஸாகிறது. பி-வகையில் துளைகள் (எலெக்ட்ரான் இல்லாத, பிளஸ் போல நடக்கும் இடங்கள்) ஒதுங்குவதால் அது மைனஸாகிறது. கை பழகிவிட்டால் ஒரு துண்டுக்கு இரண்டு வினாடி. எண் தெளிவாக வராத துண்டுகளைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும், யோசிக்கவே கூடாது.

துண்டின் இரு முனைகளிலும் நிக்கலும் ஈயமும் ஒட்டியிருக்கும். அதை உப்புத்தாளில் தேய்த்து எடுத்தபிறகே அரைக்க வேண்டும். செம்பு பிஸ்மத் டெல்லுரைடுக்குள் வேகமாக ஊடுருவி அதன் மின் குணத்தையே மாற்றும். அதைத் தடுக்கத்தான் கம்பெனிக்காரர்கள் நிக்கல் பூச்சு வைக்கிறார்கள்.

அரைப்பது அகேட் உரலில், ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றி ஈரமாகத்தான். உலர்ந்த பொடி பறந்தால் மூக்குக்குள் போகும். டெல்லுரியம் உடம்புக்குள் போனால் மூச்சில் பூண்டு வாடை வரும், நாள்கணக்கில் போகாது. வாடை ஒரு பக்கம், அது உடம்புக்கே நல்லதல்ல. என்-95 மாஸ்க், கையுறை இரண்டும் கட்டாயம். இந்தப் பொருளின் படிகம் அடுக்கடுக்கானது. அடுக்குகளுக்கு இடையே பிடிப்பு குறைவு. அதனால் உருண்டையாக உடையாமல் தட்டைச் செதில்களாகப் பிரியும். இந்தச் செதில் வடிவம் பின்னால் நமக்கு உதவப்போகிறது. ரொம்ப நைஸாக அரைக்காதீர்கள். அரைக்க அரைக்கப் படிகத்தில் குறைகள் கூடி, எலெக்ட்ரான்கள் அதிகமாகி, பி-வகைப் பொடியின் குணம் தளரும். 60 மைக்ரான் சல்லடையில் இறங்கியதும் நிறுத்திவிட்டேன்.

மை

பொடியை எபாக்ஸியில் குழைத்து, கொஞ்சம் தின்னர் சேர்த்தால் மை. எத்தனை சதவீதம் பொடி என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எடையில் 82 சதவீதம் பொடி என்றால் நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பிஸ்மத் டெல்லுரைடின் அடர்த்தி 7.7, எபாக்ஸியின் அடர்த்தி 1.15. கன அளவில் கணக்கிட்டால் பொடி 40 சதவீதம்தான், மீதி 60-ம் மின்சாரமே கடத்தாத பிசின். எடையில் 90 சதவீதம் ஆக்கினால்தான் கன அளவில் பாதியைத் தாண்டி 57 வருகிறது. ஆகவே 90.

அவ்வளவு பொடி போட்ட மை லேசில் நகராது. அச்சுப் பட்டறை மாஸ்டர் ஸ்க்யூஜியை (மையைத் தள்ளும் ரப்பர் பட்டை) ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க தம்பி, இது மையா சிமெண்டுங்களா? இந்த மெஷ்ஷுல இறங்காதுங்க."

"எந்த மெஷ் போடலாங்கண்ணா?"

"டி-ஷர்ட்டுல கிளிட்டர் அடிக்கறோமில்லீங்க, அந்த மாதிரி பெரிய கண்ணு வேணும். இதுல கல்லு கல்லா இருக்குதே."

அவர் சொன்னது அப்படியே சரி. மெஷ்ஷின் (ஸ்கிரீன் வலையின்) கண், துகளைப்போல் இரண்டரை மடங்காவது இருந்தால்தான் அடைக்காது. துகளும் செதில் வடிவம், குறுக்காக நின்றால் கண்ணை அடைத்துக்கொள்ளும். 43டி மெஷ்ஷின் கண் ஏறத்தாழ 150 மைக்ரான். அதற்கு மாறியதும் இறங்கியது. ஸ்கிரீனில் அச்சு வேண்டாத இடத்தை அடைக்கும் எமல்ஷனும் தின்னரைத் தாங்குகிற சால்வென்ட் வகையாக இருக்க வேண்டும். தண்ணீர் மைக்கான எமல்ஷன் போட்டால் சில இழுப்பிலேயே ஓரங்கள் கரைந்து, பட்டைகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். ஸ்க்யூஜி ரப்பரின் கடினம் 70 ஷோர், ஃபிரேமுக்கும் ஷீட்டுக்கும் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி. மற்றதெல்லாம் மாஸ்டரின் கைப்பக்குவம்.

அடியில் காப்டன் என்ற பிளாஸ்டிக் ஷீட். சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும், மின்சாரம் கடத்தாது. தடிமன் 50 மைக்ரான் எடுத்தேன். 125 மைக்ரானில் அடிப்பது சுகம்தான், ஆனால் ஷீட் தடிக்கத் தடிக்கச் சூடு பட்டையை விட்டுவிட்டு ஷீட் வழியாகவே ஓடிவிடும். 25 மைக்ரான் சுருண்டுகொண்டு அச்சடிக்க விடாது.

வடிவமைப்பு இதுதான்: ஒவ்வொரு பட்டையும் 12 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலம், காய்ந்து அழுத்தியபின் சுமார் 0.12 மி.மீ. தடிமன். பி, என், பி, என் என்று ஒன்றரை மி.மீ. இடைவெளியில் வரிசையாக. மேலும் கீழும் வெள்ளிப் பேஸ்ட் இணைப்பு. ஒரு ஷீட்டில் 25 ஜோடி, மொத்தம் நான்கு ஷீட்.

அழுத்தம்

அச்சடித்து அப்படியே ஓவனில் காய வைத்தால் ஒரு பி பட்டை 60 ஓம் சுற்றிக் காட்டியது. துகளும் துகளும் தொடாமல் நடுவே பிசின் நிற்கிறது. டி-ஷர்ட் ஹீட் பிரஸ்ஸில் வைத்ததில் கொஞ்சம் இறங்கியது, ஆனால் அந்த மிஷினின் அழுத்தம் இதற்குப் போதாது. பிறகு 20 டன் பாட்டில் ஜாக் வைத்த ஷாப் பிரஸ்ஸில், இரண்டு தடித்த எஃகுத் தகடுகளுக்கு நடுவே டெஃப்லான் ஷீட் போட்டு, பிசின் பாதி இறுகிய நிலையில் அழுத்தினேன். 100 சதுர செ.மீ. பரப்பில் 20 டன் என்றால் சதுர செ.மீ.-க்கு 200 கிலோ. அந்த அழுத்தத்திலேயே சூடேற்றி முழுதாக இறுக விட்டதும் பி பட்டை 8 ஓமுக்கும் என்-வகைப் பட்டை 12-க்கும் வந்தன. இங்கேதான் செதில்கள் கைகொடுத்தன. அழுத்தும்போது அவை ஷீட்டோடு படுத்துக்கொள்கின்றன. பிஸ்மத் டெல்லுரைடு அடுக்குகளின் குறுக்கே கடத்துவதைவிட அடுக்கின் போக்கிலேயே நன்றாகக் கடத்தும். நம் பட்டையில் மின்சாரமும் அந்தப் போக்கில்தான் ஓடுகிறது.

என்-வகைப் பட்டையைப் பி அளவுக்குக் கொண்டுவருவது இந்தப் பொருளில் கடினம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே ஆய்வாளர்கள் என்-வகைக்கு வெள்ளி செலனைடை அச்சடிக்கிறார்கள். அந்தப் பாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

இணைப்பு

நேரத்தையும் யோசனையையும் அதிகம் தின்றது இதுதான். அச்சடித்த வெப்பமின் பட்டை பற்றிப் பேசுகிற எல்லோரும் பொருளின் தரத்தைத்தான் பேசுகிறார்கள். என் கைக்கு வந்த அனுபவம் வேறு: பொருள் ஓரளவு நன்றாக இருந்தால் போதும், வெள்ளி பட்டையைத் தொடுகிற இடமும் பட்டை பைப்பைத் தொடுகிற இடமும்தான் ஜெயிக்கிறதா தோற்கிறதா என்று தீர்மானிக்கின்றன.

முதல் அச்சில் ஒரு ஜோடியின் தடை 44 ஓம் காட்டியது. பட்டைகள் 8-ம் 12-ம் சேர்ந்து 20. மீதி 24 எங்கே? இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அதே மையில், அதே அகலத்தில், வெள்ளிக் கோடுகளுக்கு நடுவே 2, 4, 8, 12 மி.மீ. என்று வெவ்வேறு தூரம் விட்டு நான்கு பட்டைகள் அடியுங்கள். ஒவ்வொன்றின் தடையையும் அளந்து கிராஃப் தாளில் தூரத்துக்கு எதிராகப் புள்ளி வைத்தால் நேர்கோடு விழும். அந்தக் கோட்டைத் தூரம் பூஜ்யம் ஆகும்வரை பின்னால் நீட்டுங்கள். அங்கே தடை பூஜ்யம் ஆகாது. மிச்சமிருப்பது இரண்டு முனை இணைப்புகளின் தடை, பொருளுக்கு அதில் சம்பந்தமே இல்லை. எனக்கு இரண்டு முனைக்கும் சேர்த்து 12 ஓம் வந்தது. ஒரு ஜோடியில் நான்கு முனைகள்; கணக்கு 24-ல் போய் நின்றது.

பட்டையை உடைத்துப் பக்கவாட்டில் பாக்கெட் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அழுத்தும்போது பிசின் வெளியே பிதுங்கி, பட்டையின் இரண்டு முகத்திலும் மெல்லிய தோலாக நின்றுவிடுகிறது. அடியில் இருக்கும் வெள்ளி அந்தத் தோலைத்தான் தொடுகிறது. அதன்பிறகு முனைகளில் மட்டும் 1000 நம்பர் உப்புத்தாளை ஆல்கஹாலில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, செதில்கள் மினுங்கத் தொடங்கியதும் நிறுத்தி, மேலேயும் ஒரு வெள்ளிப் பூச்சு அடித்தேன். பட்டை முனை மேலும் கீழும் வெள்ளிக்கு நடுவில். வெள்ளி ஏறும் அகலத்தை ஒரு மி.மீ.-இல் இருந்து இரண்டரையாக்கினேன். ஜோடிக்கு 25 ஓம் ஆனது. நூறு ஜோடிக்கு இரண்டரை கிலோ ஓம்.

சீபெக் அளவை இரண்டு செம்புக் கட்டைகளுக்கு நடுவே பட்டையை வைத்து, ஒன்றை மட்டும் ரெசிஸ்டர் வைத்துச் சூடேற்றி அளந்தேன். ஒற்றை அளவை நம்பக்கூடாது. மீட்டர் ஒயர்களே கொஞ்சம் வோல்ட் தரும். வெப்ப வித்தியாசத்தைப் படிப்படியாக ஏற்றி, வோல்ட் ஏறும் சரிவைத்தான் எடுக்க வேண்டும். பி-வகை 165, என்-வகை மைனஸ் 115. ஜோடிக்கு டிகிரிக்கு 280 மைக்ரோவோல்ட்.

பைப்பில் கட்டுவது

அச்சடித்த பட்டையில் சூடு ஷீட்டின் தடிமனில் ஓடினால் பயனில்லை, 0.12 மி.மீ.-இல் வெப்ப வித்தியாசம் நிற்காது. 12 மி.மீ. நீளத்தில் ஓட வேண்டும். ஆகவே ஷீட் பைப்பின்மேல் படுக்காமல் நிற்க வேண்டும். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே உள்ள இடைவெளியில் மாற்றி மாற்றி மடித்தால், சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக நின்று, கீழ் விளிம்பு பைப்பைத் தொட்டுக்கொண்டு சுற்றி வரும். வெளி விளிம்பு தானாக விரிந்துகொள்ளும், பைப் அளவு மாறினால் மடிப்பின் நெருக்கம் மட்டும் மாறும். மடிப்பு விழுகிற இடத்தில் பட்டை கிடையாது, வெள்ளிக் கோடு மட்டுமே. அதையும் விரலால் நெரித்து மடித்தால் விரிசல் விடும். ஒரு மி.மீ. கம்பியை வைத்து அதன்மேல் மடித்தால் தாங்குகிறது.

ஒரு இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 33.4 மி.மீ., சுற்றளவு 105. ஒரு ஷீட்டில் 50 பட்டைகள், அப்படியென்றால் இரண்டு மி.மீ.-க்கு ஒரு மடிப்பு. நான்கு ஷீட்டும் நான்கு வளையமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பைப்பின்மேல் முதலில் காப்டன் டேப், அதன்மேல் தெர்மல் புட்டி. கீழ் விளிம்பை அதில் அழுத்தி நிறுத்தினேன்.

பைப் மேற்பரப்பு 86 டிகிரி, காற்று 34. இடையில் 52 டிகிரி இருந்தும் பட்டைக்குக் கிடைத்தது 9. பைப்பிலிருந்து எழும் சூடான காற்று மடிப்புகளின் நடுவே புகுந்து பட்டை முழுவதையும் ஒரே சூடாக்கிவிடுகிறது. இரண்டு பக்கத்தையும் கண்ணாடி இழை நாடாவால் மூடிக் காற்றோட்டத்தை நிறுத்தி, வெளி விளிம்புகளில் அலுமினிய ஃபாயில் இறக்கைகளை ஒட்டியதும் 20 டிகிரியாக ஏறியது. அச்சு மையில் ஒரு துளிகூட மாற்றாமல் மின்னழுத்தம் இரண்டு மடங்கு, திறன் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

கிடைத்ததும் செலவும்

நூறு ஜோடி, 20 டிகிரி: திறந்த முனையில் 560 மில்லிவோல்ட். இரண்டரை கிலோ ஓம் லோடில் 280 மில்லிவோல்ட், 31 மைக்ரோவாட். நாள் முழுதும் பைப் சூடாக இருந்தால் சுமார் 2.7 ஜூல்.

இதைப் பயன்படுத்தும் சர்க்யூட்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வெப்பமின் வேலைக்கு என்றால் எல்லோரும் எல்.டி.சி. 3108 சிப்பைச் சொல்வார்கள். 20 மில்லிவோல்ட்டிலேயே கிளம்பும். ஆனால் அதன் உள்ளீட்டுத் தடை சில ஓம்தான், பெல்டியர் மாட்யூலுக்குப் பொருந்தும். கிலோ ஓம் கணக்கில் தடை உள்ள அச்சுப் பட்டையை அதில் மாட்டினால் வோல்ட் அப்படியே படுத்துவிடும். நான் போட்டது பி.க்யூ. 25570 என்ற சிப். திறந்த மின்னழுத்தத்தில் பாதியில் நிற்கும்படி அதை அமைக்கலாம், வெப்பமின் மூலத்துக்கு அதுதான் சரியான இடம். 100 மில்லிவோல்ட் வரை இறங்கியும் வேலை செய்யும். ஆனால் காலியாக இருந்து கிளம்ப 600 வேண்டும், நம்மிடம் அது இல்லை. அதனால் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சூப்பர் கெபாசிட்டரைப் பொருத்தும்போதே சார்ஜ் செய்து வைக்கிறேன்.

செலவுப் பக்கம் பார்த்தால், ப்ளூடூத் லோ எனர்ஜி சிப் தூங்கும்போது 2 மைக்ரோஆம்பியர், 3 வோல்ட்டில் நாளைக்கு அரை ஜூல். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அறிவிக்க ஒவ்வொரு தடவையும் 0.1 மில்லிஜூல் என்று வைத்தால் நாளைக்கு 0.14 ஜூல். பேசுவதைவிடத் தூங்குவதற்குத்தான் அதிகம் செலவாகிறது! மாற்றும் சர்க்யூட்டில் கிட்டத்தட்டப் பாதி போனாலும் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாய்லர் நின்றாலும் கெபாசிட்டர் தாங்குகிறது.

பெரிய ஆய்வகங்கள் இதைவிட வெகுதூரம் போயிருக்கின்றன. கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தில் 2014-இல் கண்ணாடி இழைத் துணியிலேயே திரை அச்சில் வெப்பமின்னாக்கி செய்தார்கள். 2024-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டெல்லுரியம் நானோ தண்டுகளையே பிசினாக்கி அச்சடித்தது. அந்த யோசனை என்னை மிகவும் ஈர்க்கிறது. பிசினே கடத்தியாகிவிட்டால், நான் உப்புத்தாளில் தேய்த்தெடுக்கும் அந்தத் தோல் உண்டாகவே இடமில்லை.

இப்போது வளையம் ஒரு சாயப் பட்டறையின் கண்டென்சேட் பைப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. மொத்தத் தடை மெல்ல ஏறுகிறது. ஏறுவது மடிப்பிலா, முனையிலா என்று பார்க்க ஒவ்வொரு வளையத்திலிருந்தும் தனி ஒயர் எடுத்திருக்கிறேன். அடுத்த அச்சில் என்-வகைப் பட்டையை 5 மி.மீ. அகலமாக்கப் போகிறேன், அதன் தடை அதிகம் என்பதால்.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: ஸ்கிரீன் கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் பிடித்து வைத்தால் இரண்டு நாளில் பொடி அடியில் தங்கும். மேலே தெளிந்த தின்னரைத் திரும்பவும் கழுவப் பயன்படுத்தலாம். பி-யும் என்-னும் தனித்தனி டப்பாவாக இருந்தால் தங்கிய பொடியையும் வடிகட்டி அடுத்த மையில் சேர்த்துக்கொள்ளலாம்.